கொதிகலனில் நீர் குறைந்தால்?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஆசிரியரோ பெரியவரோ உடன் இருக்கட்டும். தடித்த காகிதத்தை மடித்து ஒரு கிண்ணம் செய்யுங்கள். அதில் முக்கால் பங்கு நீர் ஊற்றி, இடுக்கியால் பிடித்துக்கொண்டு, மெழுகுவத்திச் சுடர் அடிப்பகுதியில் மட்டும் படும்படி காட்டுங்கள். நீர் சூடாகும்; காகிதம் எரியாது!

காரணம் என்ன? காகிதம் தீப்பற்ற ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். சுடர் தரும் வெப்பத்தை நீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. திறந்த கிண்ணத்தில் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. ஆகவே அதை ஒட்டியிருக்கும் காகிதமும் தப்பிக்கிறது. நீர் படாத விளிம்பில் சுடர் பட்டாலோ, நொடியில் பற்றிக்கொள்ளும்.

கொதிகலனை இயக்கக் கற்பவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம் இந்தக் காகிதக் கிண்ணத்திலேயே இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

நெல் அவிக்கும் அரிசி ஆலை, சாயப்பட்டறை, காகித ஆலை ஆகிய எல்லாவற்றிற்கும் நீராவி வேண்டும். ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 100 கலோரி போதும். 100 டிகிரியில் இருக்கும் அதே நீரை ஆவியாக்க மேலும் 540 கலோரி தேவை. இந்த உள்ளுறை வெப்பத்தை நீராவி சுமந்து சென்று, தான் குளிர்ந்து நீராகும் இடத்தில் கொடுத்துவிடுகிறது. வெப்பத்தைக் குழாய் வழியே கொண்டுசெல்ல இது மிக நல்ல வாகனம்.

சிறிய ஆலைகளில் தீக்குழாய்க் கொதிகலனைக் காணலாம். அது ஒரு பெரிய எஃகு உருளை. அதனுள் நீர், நீரில் மூழ்கியபடி பல குழாய்கள். உமியோ விறகோ எண்ணெயோ எரிவதால் உண்டாகும் சூடான வாயுக்கள் இக்குழாய்களுக்குள் பாய்கின்றன. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள இடத்தில் நீராவி சேர்கிறது.

அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். அழுத்தமானி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் என்று காட்டும்போது, உள்ளே இருக்கும் நீர் சுமார் 183 டிகிரியில்தான் கொதிக்கிறது. நெருப்போ 1000 டிகிரியைத் தாண்டுகிறது. ஆனாலும் நீர் சூழ்ந்திருக்கும் வரை எஃகுக்கு ஆபத்தில்லை.

நீர்மட்டம் இறங்கி ஒரு குழாய் வெளியே தெரிந்துவிட்டால்? வெப்பத்தை வாங்கிக்கொள்ள அங்கே நீர் இல்லை. எஃகு விரைவில் சூடேறும். 600 டிகிரியைத் தாண்டினால் அதன் வலிமையில் பாதிக்கு மேல் போய்விடும். பிறகு உள்ளிருக்கும் அழுத்தத்தை அதனால் தாங்க முடியாது.

அப்போது வெடிப்பது நீராவி மட்டுமன்று, நீரும் சேர்ந்துதான். உருளை பிளந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது. 183 டிகிரி நீர் இனி நீராகவே இருக்க முடியாது. ஒரு டன் நீரில் சுமார் 150 கிலோகிராம் கண நேரத்தில் ஆவியாகிறது. அந்த ஆவிக்கு ஏறத்தாழ 250 கன மீட்டர் இடம் வேண்டும். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறைகூட அதற்குப் போதாது!

காவலர்கள் யார்?

முதல் காவலர், கொதிகலனின் முகப்பில் உள்ள நீர்மட்டக் கண்ணாடி. அதில் நீர் நிற்கும் உயரமே உள்ளே இருக்கும் நீரின் உயரம். ஆனால் அதற்குச் செல்லும் வழியை அழுக்கு அடைத்துக்கொண்டால் கண்ணாடி பொய் சொல்லும். அதனால்தான் பணியாளர் வேலைக்கு வந்ததும் அடிக்குழாயைத் திறந்து நீரைப் பாயவிட்டு மூடுகிறார். நீர் சட்டென்று பழைய மட்டத்துக்கு ஏறினால் வழி சுத்தம். மெல்ல ஏறினால் எங்கோ அடைப்பு.

இரண்டாவது, பாதுகாப்பு வால்வு. அழுத்தம் எல்லை மீறினால் அது தானே திறந்து ஆவியை வெளியேற்றும். மூன்றாவது, எளிதில் உருகும் உலோகம் நிரப்பிய அடைப்பான். அடுப்புக்கு மேல் பொருத்தப்பட்டிருக்கும். நீர் விலகினால் உலோகம் உருகி, ஆவி நெருப்பின் மீது பாயும்.

கண்ணாடியில் நீரே தெரியவில்லை என்று வையுங்கள். உடனே நீரைப் பாய்ச்சத் தோன்றும் அல்லவா? அது பெரும் தவறு. பழுத்திருக்கும் எஃகின் மேல் நீர் பட்டால் திடீரென்று ஆவி பெருகும். உலோகமும் சுருங்கி விரிசல் விடலாம். எரிபொருளையும் காற்று விசிறியையும் நிறுத்தி, ஆறவிடுவதே முறை.

இந்த விதிகள் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றவை. 1863-ல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்தனர். அடுத்த ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களை ஆய்வு செய்யச் சட்டம் வந்தது. 1923-ல் இந்தியக் கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. 2025-ல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. கொதிகலன்களை ஆய்வாளர் குறித்த காலத்தில் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. கொதிகலனின் வலிமையைச் சோதிக்கும்போது, அதில் நீராவியை ஏற்றுவதில்லை. குளிர்ந்த நீரை முழுவதும் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தம் கொடுக்கிறார்கள். ஏன்? விடை இக்கட்டுரையிலேயே இருக்கிறது. கண்டுபிடித்து உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.