வைஃபை அழைப்பு நடுவில் அறுந்துபோவது ஏன்?

சினிமா தடங்கலின்றி ஓடும் வைஃபையில் போன் பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும். இந்தியாவில் 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை காலிங்கைத் தொடங்கிய பிறகு, பெரிய கட்டடங்களில் இது பழகிப்போன புகார். இதற்கு மருந்து கூடுதல் வேகம் அல்ல.

பேச்சுக்கு என்ன வேண்டும்?

ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஒருவர் பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். ஆனால் 20 மில்லிநொடிக்கு ஒன்று வீதம், நொடிக்கு 50 தரவுப் பாக்கெட்டுகள் நேரம் தவறாமல் வந்து சேர வேண்டும். சினிமாவைச் சில நொடிகள் முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இன்னும் பேசாத பேச்சை எங்கிருந்து இறக்குவது?

சிக்னல் எவ்வளவு?

குரலுக்காகத் திட்டமிடுவோர் வழக்கமாக வைக்கும் கீழ் எல்லை மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் ஆற்றலின் அலகு). இதில் 3 டெசிபல் குறைந்தாலே ஆற்றல் பாதியாகிவிடும். சுற்றிலும் உள்ள ரேடியோ இரைச்சலைவிடச் சிக்னல் 25 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும்.

நடந்தால் அறுவது ஏன்?

ஒரு அக்சஸ் பாயின்ட்டை (வைஃபை சிக்னல் தரும் கருவி) விட்டு அடுத்ததற்கு எப்போது மாறுவது என்பதை முடிவு செய்வது போன்தான். பழையதையே அது கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தால் பேச்சு சிதறும். அதனால்தான் இரண்டின் எல்லைகளும் 15 முதல் 20 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அமைக்கிறார்கள். மாறும்போது நடக்கும் பாதுகாப்புச் சோதனையைச் சுருக்க, 2008இல் வந்த 802.11ஆர் தரநிலை உதவுகிறது.

பவரை ஏற்றினால் போதாதா?

போதாது, சில சமயம் கெடுக்கும். அக்சஸ் பாயின்ட் உரக்கப் பேசினாலும் போனின் குரல் சன்னமானதுதான். திரையில் கோடுகள் நிறைந்திருக்கும். நாம் பேசுவது மட்டும் எதிர்முனைக்குப் போகாது. ஒரே சேனலில் உள்ள பக்கத்து அக்சஸ் பாயின்ட்டுகளும் ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்க நேரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும் வலு குறைவு.

வைஃபை அமைக்கும் ஒப்பந்ததாரரிடம் என்ன கேட்பது?

‘எத்தனை எம்பிபிஎஸ்?’ என்பதோடு நிறுத்த வேண்டாம். ஊழியர்கள் பயன்படுத்தும் அதே போனை வைத்து, கதவுகளைச் சாத்தி, மாடிப்படி, லிஃப்ட் வாசல், மருத்துவமனையானால் ஈயத்தகடு பதித்த எக்ஸ்ரே அறை வரை பேசிக்கொண்டே நடந்து அளந்த வரைபடத்தைக் கேளுங்கள். பணத்தை அதைப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.