கடையைப் பார்வையிட வரும் கட்டட உரிமையாளர்

வாடகைக் கட்டடத்தில் தொழில் நடத்தும் வணிகப் பெருமக்களுக்குப் பழகிப்போன காட்சி இது. காலை வியாபாரம் சூடுபிடித்த வேளையில் கட்டட உரிமையாளர், முன்பின் தெரியாத இருவருடன் உள்ளே வருவார். "சும்மா, கட்டடத்தைப் பார்க்கத்தான்" என்பார். கல்லாவைத் தாண்டிக் கிடங்குவரை போய், மூட்டைகளை எண்ணாத குறையாகப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அடுத்த மாதம் வாடகையை உயர்த்தச் சொல்லும்போதுதான், அன்று அவர் பார்த்தது சுவரையா, சரக்கையா என்பது நமக்கு விளங்கும்.

வீட்டுக்கு அந்தரங்கம் உண்டு, நாலு பேர் வந்துபோகும் கடைக்கு ஏது என்று கேட்பவர்கள் உண்டு. பேரேட்டைத் திறந்தால் யார் பெயரில் எவ்வளவு பாக்கி என்பது தெரிந்துவிடும். கொள்முதல் விலையும் இருப்பும் போட்டியாளர் காதுக்கு எட்டினால் நமக்கு நஷ்டம். பாக்கி விவரம் வெளியே போனாலோ, நம்மை நம்பிக் கடன் சொன்ன வாடிக்கையாளரின் மானம் போகும்.

1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 22-2-2019 முதல் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறக் கடைகளுக்கும் இது பொருந்தும். அதன் 17ஆவது பிரிவின்படி, உரிமையாளரோ அவரது மேலாளரோ உள்ளே வருவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, காரணம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பழுதுபார்ப்பது, கட்டடத்தின் நிலையைப் பார்வையிடுவது, ஒப்பந்தத்தில் கண்ட வேறு நியாயமான காரணம் ஆகியவற்றுக்காக வரலாம்.

ஒப்பந்தம் என்ற இடத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். "உரிமையாளர் எந்நேரமும் பார்வையிடலாம்" என்று பழைய நகலைப் பார்த்துத் தட்டச்சு செய்து தருவார்கள்; நாமும் படிக்காமல் கையெழுத்திடுகிறோம். அந்த வரியால் 24 மணி நேர அறிவிப்பு இல்லாமல் போய்விடாது என்பது நம் கருத்து. ஆனாலும் வழக்குக்கு ஏன் இடம் வைக்க வேண்டும்? கையெழுத்துக்கு முன்பே அடித்துவிடச் சொல்லுங்கள். பார்வையிடும்போது நம் ஆள் ஒருவர் உடன் இருப்பார் என்பதையும் எழுதிக்கொள்ளலாம். கிடங்கின் மாற்றுச் சாவியை மரியாதைக்காகக்கூடக் கொடுத்துவைக்க வேண்டாம்.

அதற்காக, முறைப்படி அறிவித்து வருபவரை வாசலில் மறிப்பது சரியல்ல. கூரை ஒழுகினால் நனைவது நம் சர்க்கரை மூட்டைதான். மின்கசிவு, தீ என்றால் நோட்டீஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. அவர் வரும் நாளில் பேரேட்டைப் பூட்டிவைத்து, கல்லாவில் பொறுப்பான ஆளை உட்காரவைத்தால் போதும்.

நகராட்சி, மாநகராட்சிக் கடைகளை எடுத்திருப்போருக்கு இச்சட்டம் பொருந்தாது. அவர்கள் தங்கள் குத்தகை நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.