உம்மு சுலைம் அன்னையின் பாதி முக்காடு

பெருநாள் நெருங்கும் நாட்களில் தருமபுரிக் கடைத்தெருவில் துணிக்கடை வாசலில் நிற்கும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். கையிலுள்ள பணம் போதாமல் கடனுக்குச் சொல்லிவிட்டுத் திரும்புகின்றவர்களும் அவர்களில் உண்டு. வீட்டிலோ, ஓரம் மட்டும் கிழிந்த சேலையும், நடுவில் நைந்து இருபுறமும் உறுதியாயுள்ள கைலியும் பெட்டியின் அடியில் மடித்தபடி கிடக்கும். பழையதை வெட்டிப் பிள்ளைக்குத் தைத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கூச்சமே அவற்றை வெளியே எடுக்க விடுவதில்லை. அன்புள்ள வாசகர்களே, இந்தக் கூச்சத்துக்கு நம் மார்க்கத்தில் இடமுண்டா?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அனஸ் (ரலி) அவர்களுக்கு வயது ஏறத்தாழப் பத்து. தாயார் உம்மு சுலைம் (ரலி) அவர்கள், மகனை நபிகளாரின் பணிவிடைக்கு ஒப்படைக்க அழைத்துச் சென்றார்கள். அன்று அச்சிறுவர் என்ன உடுத்தியிருந்தார் என்பதை அவர்களே பிற்காலத்தில் அறிவித்திருக்கிறார்கள்; ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. தாயார் தமது முக்காட்டுத் துணியின் ஒரு பாதியை மகனின் இடுப்பிலே கட்டி, மறுபாதியை மேலே போர்த்தியிருந்தார்கள். அக்கோலத்தில் வந்த சிறுவருக்காகவே, செல்வமும் மக்களும் பெருகும்படி நபிகளார் துஆச் செய்தார்கள். தமது செல்வம் மிகுந்துவிட்டதென்றும், மக்களும் பேரர்களும் நூறளவாகிவிட்டார்கள் என்றும் சொல்லும் அதே அறிவிப்பில்தான் அனஸ் (ரலி) அவர்கள் அந்தப் பாதி முக்காட்டையும் சொல்லுகிறார்கள். வசதி வந்தபின் அதை அவர்கள் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெருநாளன்று குளித்து, நறுமணம் பூசி, தம்மிடமுள்ளவற்றில் சிறந்ததை அணிவது சுன்னத்து. கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கியதாகவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனை எங்குமில்லை. நாமாக வைத்துக்கொண்ட வழக்கம் அது. கடன்பட்டு அதைக் காப்பாற்றுவானேன்?

பட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பட்டுக்கூடு ஏலம் நடக்கும் ஊரல்லவா நம்முடையது! தாயாரின் பழைய பட்டுச் சேலையில் மகளுக்குப் பாவாடை சட்டை தைப்பதில் தடையேதுமில்லை. நபிகளார் அனுப்பிய பட்டாடையை அலி (ரலி) அவர்கள் தாமே அணிந்துகொண்டபோது அண்ணலாரின் முகத்தில் கோபம் தெரிந்தது. உடனே அதைக் கிழித்துத் தம் குடும்பத்துப் பெண்களுக்குப் பங்கிட்டுவிட்டார்கள். ஆண்பிள்ளைக்கு அதே பட்டில் சட்டை தைக்கலாமா என்பதில் இமாம்கள் வேறுபடுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பருவமடையும் வரை அனுமதியுண்டு. ஹனஃபி மத்ஹபில் அது வெறுக்கத்தக்கது. குற்றம் குழந்தைமீதன்று, உடுத்திவிடும் பெரியவர்மீது. நாலு விரல் அகலத்துக்கு மேற்படாத பட்டுக்கரை வந்தால் பாதகமில்லை. இக்காலத்தில் பட்டு என்ற பெயரில் விற்கும் செயற்கை நூல் துணிக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை அடிக்கடி கேட்கிறார்கள்.

இனி வெட்டும் முறை. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல் விலகி வெளிச்சம் கசியும் இடம் தையலைத் தாங்காது. பலமுறை துவைத்த பருத்தி சுருங்குமட்டும் சுருங்கி, சாயம் போகுமட்டும் போய், மென்மையாயிருக்கும். பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டித் துணியை நம் மூத்த பெண்மணிகள் தேடியது வறுமையால் மட்டுமன்று. தகப்பனாரின் கைலியில் சிறுவனுக்குச் சட்டை வரும். துப்பட்டியில் சிறுமிக்கு மக்கனா வரும். ஒட்டுப் போட நேர்ந்தாலும் அஞ்சவேண்டாம். நம் மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள், பலநிறத் துண்டுகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் இணைத்துத் தைக்கும் தங்கள் பரம்பரைக் கைவேலை மறைந்துகொண்டிருந்ததை மீட்டு, அதைக்கொண்டே சம்பாதிக்கிறார்கள். அவர்களுடைய அமைப்பின் பெயர் 'போர்கை'; அவர்கள் பேச்சில் பெருமை என்று பொருளாம்.

ஒன்று மட்டும் மனத்தை வருத்துகிறது. தம் பிள்ளைக்குப் பழையதைத் தைக்கக் கூசுகின்ற சிலர், அதைவிடக் கிழிந்ததை மூட்டையாகக் கட்டி யத்தீம்கானாவுக்கு அனுப்பிவிட்டு, தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். நமக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடுவதை அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் தடுக்கிறான். தையலுக்கு உதவாத துண்டுகள் அடுப்படியில் கரித்துணிக்கு ஆகும். அவற்றை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.