டிரம் இதழ்த் தலைமுறை

டிரம் என்பது தென்னாப்பிரிக்காவில் 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆங்கில மாத இதழ். 1950களில் ஜோகனஸ்பர்க் நகரில் இவ்விதழில் பணியாற்றிய இளம் கறுப்பின எழுத்தாளர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் தங்கள் நகரத்தின் இசை, உடை, தெருவாழ்க்கை, குத்துச்சண்டை, மதுவிடுதி, சிறை ஆகிய அனைத்தையும் பதிவு செய்தனர். இலக்கிய வரலாற்றில் இவர்கள் ‘டிரம் தலைமுறை’ எனக் குறிப்பிடப்படுகின்றனர். இவர்கள் அதிகம் எழுதியதும் படமெடுத்ததும் சோபியாடவுன் என்ற பகுதியைப் பற்றியே. எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த ஊர் அரசால் இடித்துத் தள்ளப்பட்டது. எனவே அன்று மாத இதழுக்காக அவசரமாக எடுக்கப்பட்ட படங்களே இன்று அந்த ஊருக்கு மிஞ்சியிருக்கும் முதன்மையான சான்றுகள்.

தொடக்கம்

கேப் டவுன் நகரில் ‘தி ஆப்பிரிக்கன் டிரம்’ என்ற பெயரில் இதழைத் தொடங்கியவர் பாப் கிரிஸ்ப். இவர் தென்னாப்பிரிக்க அணிக்காக டெஸ்ட் போட்டிகளில் ஆடிய வேகப்பந்து வீச்சாளர். முதல்தரப் போட்டிகளில் அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை இருமுறை வீழ்த்தியவர். பந்துவீச்சில் கிடைத்த வெற்றி இதழ் நடத்துவதில் கிடைக்கவில்லை. பழங்குடிக் கதைகள், சமய போதனைகள், கிராமத்துச் செய்திகள் என்று இதழை நிரப்பினார். நகரத்தில் வாழ்ந்த கறுப்பின வாசகர்களுக்கு அதில் ஈடுபாடு இல்லை. தங்களை இன்னும் காட்டில் வாழ்பவர்களாகவே நினைத்து யாரோ நடத்தும் இதழ் இது என்பது அவர்கள் எண்ணம்.

பணம் போட்ட ஜிம் பெய்லி ஒரு சுரங்க முதலாளியின் மகன். அவர் பொறுப்பைத் தாமே ஏற்று இதழை ஜோகனஸ்பர்க்குக்கு மாற்றினார். ஆக்ஸ்போர்டில் தம்முடன் படித்த அந்தோணி சாம்ப்சனை ஆசிரியராக அழைத்தார். சாம்ப்சனுக்கு அப்போது 25 வயது. இதழியல் அனுபவம் இல்லை, ஆப்பிரிக்காவும் தெரியாது. தெரியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இதழுக்கு நன்மையாக முடிந்தது. வாசகர்களிடமே சென்று கேட்டார். ஜாஸ் இசை, குத்துச்சண்டை, திரைப்படம், அழகிகள், குற்றச்செய்திகள், தங்கள் துன்பங்களைப் பற்றிய உண்மை ஆகியவை வேண்டும் என்றனர். டிரம் அவ்வாறே மாறியது.

சோபியாடவுன்

ஜோகனஸ்பர்க் நகர மையத்துக்கு மேற்கே அமைந்த பகுதி சோபியாடவுன். ஹெர்மன் டோபியான்ஸ்கி என்பவர் மனை பிரித்து விற்பதற்காக 1897-இல் இந்நிலத்தை வாங்கினார். மனைவி சோபியாவின் பெயரை ஊருக்கும், பிள்ளைகளின் பெயர்களைத் தெருக்களுக்கும் வைத்தார். அருகில் நகரக் கழிவுநீர் வந்து சேரும் இடம் இருந்ததால் வெள்ளையர் மனை வாங்க வரவில்லை. அதனால் கறுப்பினத்தவருக்கு விற்கப்பட்டது. கறுப்பினத்தவர் சொந்தப் பத்திரத்துடன் வீடு வைத்திருக்க முடிந்த மிகச்சில நகர்ப்பகுதிகளுள் ஒன்றாக இது அமைந்தது. இந்தியர், சீனர், கலப்பினத்தவர் என்று பலரும் அங்கே ஒன்றாக வாழ்ந்தனர்.

நெரிசலும் வறுமையும் ரவுடிக் கும்பல்களும் நிறைந்த ஊர்தான் அது. பின்னாளில் எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகள் சிலவற்றில் அது சொர்க்கம் போலத் தோன்றுவது, இழந்த பொருளுக்கு மனம் கூட்டும் மெருகு. ஆனால் அரசு அதை ஒழிக்க நினைத்தது வறுமைக்காக அல்ல. வெள்ளையர் குடியிருப்புகளுக்கு நடுவே கறுப்பினத்தவர் நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக வாழ்ந்தது நிறவெறிச் சட்டங்களுக்கு ஒவ்வாததாக இருந்தது.

எழுத்தாளர்கள்

டிரம் எழுத்தாளர்களில் பலர் பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள். 1953-ஆம் ஆண்டின் பண்டு கல்விச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளுக்கெனத் தாழ்ந்த பாடத்திட்டத்தை வகுத்தது. அத்திட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காக ஆசிரியப் பணியை இழந்த எசெக்கியல் ம்பஹ்லெலே டிரம் இதழில் கதைப் பகுதியின் ஆசிரியரானார். கரும்பலகையின் முன் நிற்க வேண்டியவர்கள் செய்தியறைக்கு வந்தது இதழுக்குப் பேறு. அவர்களை இழந்த வகுப்பறைகளை யாரும் கணக்கிடவில்லை.

கேன் தெம்பாவும் ஆசிரியரே. டிரம் நடத்திய சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்று இதழுக்கு வந்தார். சோபியாடவுனில் அவர் குடியிருந்த அறைக்கு ‘உண்மையின் வீடு’ என்று பெயர். இரவெல்லாம் அங்கே விவாதம் நடக்கும். ‘தி சூட்’ என்ற அவருடைய சிறுகதையில், மனைவியின் காதலன் விட்டு ஓடிய கோட்டு சூட்டை விருந்தாளியாக நடத்தும்படி கணவன் அவளை வற்புறுத்துகிறான். அக்காலத்தில் ஒரு நல்ல உடைக்கு இருந்த மதிப்பை அறிந்தவர்க்கு இக்கதையின் கொடுமை கூடுதலாக விளங்கும்.

இவர்கள் எழுதிய ஆங்கிலம் பாடநூல் ஆங்கிலம் அன்று. ஷேக்ஸ்பியரும் அமெரிக்கத் துப்பறியும் கதைகளும் தெருப்பேச்சும் கலந்த வேகமான நடை. இசைப் பகுதியை எழுதிய டாட் மட்ஷிகிசா தட்டச்சுப் பொறியைத் தாளக்கருவி போலப் பயன்படுத்தினார் என்பார்கள்.

ஹென்றி நக்சுமாலோ

இதழின் புலனாய்வுச் செய்தியாளர் ஹென்றி நக்சுமாலோ. (இப்பெயரில் ‘க்ஸ்’ என்று எழுதப்படும் ஒலி நாவைக் கன்னத்தோரம் சொடுக்கி எழுப்புவது, அதைக் குறிக்கத் தமிழில் எழுத்தில்லை.) பெத்தால் பகுதி உருளைக்கிழங்குப் பண்ணைகளில் கூலிகள் ஏமாற்று ஒப்பந்தத்தால் பிடித்துவரப்படுவதை நேரில் கண்டறிந்து 1952 மார்ச் இதழில் எழுதினார். கூலிகள் சாக்குப்பைகளை உடையாக அணிந்திருந்தனர். இரவில் அடைத்துப் பூட்டப்பட்டனர். 1959-இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் உருளைக்கிழங்குப் புறக்கணிப்பை நடத்தியபோதும் இதே கொடுமைகளே பேசப்பட்டன.

1954-இல் அவர் வேண்டுமென்றே அனுமதிச்சீட்டு இல்லாமல் தெருவில் நின்று கைதாகி, ஜோகனஸ்பர்க் சிறைக்குள் சென்று வந்தார். அடியும் பட்டினியும் பற்றி எழுதினால் அரசு மறுக்கும், படம் வேண்டும். சிறைக்கு அருகில் செவிலியர் விடுதி இருந்தது. அதன் மாடியிலிருந்து பாப் கோசானி என்ற இளைஞர் தொலைவில்லை கொண்டு சிறை முற்றத்தைப் படமெடுத்தார். கைதிகள் ஆடையின்றிக் குதித்து உடம்பில் எதையும் மறைக்கவில்லை என்று காட்ட வேண்டிய ‘தவுசா’ என்ற இழிவான சோதனை அதில் பதிவாயிற்று. கோசானிக்கு அப்போது ஏறத்தாழ இருபது வயது.

1956-ஆம் ஆண்டின் இறுதியில், சட்டவிரோதக் கருக்கலைப்பு பற்றி விசாரித்துக்கொண்டிருந்த நக்சுமாலோ கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் தண்டிக்கப்படவே இல்லை.

இசையும் உடையும்

சோபியாடவுனின் இசைக்கு மூலம் மராபி எனப்படும் மதுவிடுதி இசை. கறுப்பினத்தவர் மது வாங்குவதே சட்டப்படி குற்றமாக இருந்ததால் பெண்கள் வீட்டிலேயே நடத்திய ‘ஷிபீன்’ என்னும் விடுதிகளில் இசை வளர்ந்தது. தெருமுனைகளில் சிறுவர்கள் மலிவான தகரக்குழல் ஊதினர்; அதுவே குவேலா என்னும் இசைவகை. ‘ஏறு’ என்ற பொருளுடைய அச்சொல் போலீஸ் வண்டிக்கும் பெயராக வழங்கியது.

டிரம் இப்பாடகர்களை அட்டைப்படத்தில் போட்டது. மிரியம் மக்கேபா, டாலி ரத்தேபே முதலியோர் நாடறிந்த முகங்களானதில் இதழுக்குப் பங்குண்டு. தங்கச் சுரங்கத்தின் கழிவுமண் மேட்டில் டாலியை நீச்சலுடையில் ஒளிப்படக் கலைஞர் யூர்கன் ஷாடபெர்க் படமெடுத்தபோது போலீசார் இருவரையும் பிடித்தனர். வெள்ளை ஆணும் கறுப்பினப் பெண்ணும் தனியே இருந்தால் ஒழுக்கக்கேட்டுச் சட்டம் பாயும். கடற்கரையே இல்லாத ஊரில், மண்மேட்டைக் கடற்கரையாக்கிய அப்படம் இன்று மிகவும் பெயர்பெற்றது.

ஆண்கள் அமெரிக்கத் திரைப்படங்களைப் பார்த்து உடுத்தினர். அகன்ற ஓரமுள்ள தொப்பி, இரட்டை மார்புக் கோட்டு, பளபளக்கும் காலணி. ‘அமெரிக்கர்கள்’ என்றே பெயர் வைத்துக்கொண்ட கும்பல் ரயில் சரக்குகளைத் திருடி விற்று அவ்வாறு உடுத்தியது. இதை வெறும் போலித்தனம் என்று ஒதுக்குவது சரியன்று. நீ கூலிக்காரன், காக்கி உடை போதும் என்று சொல்லிய அரசுக்கு முன்னால் இஸ்திரி கலையாத கோட்டுடன் நடப்பது ஒரு பதில்.

ஷாடபெர்க் பெர்லினில் பிறந்தவர், 1950-இல் தென்னாப்பிரிக்கா வந்தவர். இவரிடம் பழகியவர்கள் கோசானி, எர்னஸ்ட் கோல், பீட்டர் மகுபானே. மகுபானே இதழில் கார் ஓட்டுநராகச் சேர்ந்து ஒளிப்படக் கலைஞரானவர். பிற்காலத்தில் 586 நாட்கள் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1990 முதல் நான்காண்டுகள் நெல்சன் மண்டேலாவின் அதிகாரபூர்வ ஒளிப்படக் கலைஞராக இருந்தார்.

டர்பன் அலுவலகம்

இந்தியர் மிகுந்த டர்பன் நகரிலும் டிரம் அலுவலகம் இருந்தது. 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்றவர்களில் தமிழரும் தெலுங்கரும் அதிகம். அவர்களின் வழிவந்தோர் வாழும் நகரம் இது. ஜி. ஆர். நாயுடு அங்கே இதழின் பொறுப்பாளராகவும் ஒளிப்படக் கலைஞராகவும் இருந்தார். ரஞ்சித் காலி காலணித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே படமெடுக்கக் கற்றவர். ஆல்பர்ட் லுத்துலியின் படங்கள் அவருக்குப் பெயர் தந்தன. விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச் என்ற உணவகத்தில் ஜாஸ் கச்சேரிகள் நடந்தன. மக்கேபா 1959-இல் சிறிது காலம் மணந்திருந்த பாடகர் சன்னி பிள்ளையும் இந்திய வம்சாவளியினரே.

குறைகள்

1950களில் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் வெள்ளையர்களே. பெண் எழுத்தாளர்கள் அரிது. அட்டையில் இருந்த இடம் உள்ளே இல்லை. டாலியின் பெயரில் வந்த காதல் ஆலோசனைப் பகுதியை எழுதியவர்கள் அலுவலகத்து ஆண்கள். அளவற்ற குடியையே ஆண்மையாகப் போற்றிய செய்தியறைப் பழக்கம் பலரின் ஆயுளைக் குறைத்தது.

இடிப்பும் சிதறலும்

1955 பிப்ரவரி 9-ஆம் நாள் ஏறத்தாழ இரண்டாயிரம் போலீசார் சோபியாடவுனைச் சூழ்ந்தனர். குடும்பங்கள் சாமான்களுடன் லாரிகளில் ஏற்றப்பட்டு மெடோலேண்ட்ஸ் என்ற இடத்தில் இறக்கப்பட்டன. வெளியேற்றம் சில ஆண்டுகள் நீடித்தது. அந்த நிலத்தில் வெள்ளையருக்கு வீடுகள் கட்டி, ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘வெற்றி’ என்று பொருள்படும் ‘ட்ரியோம்ஃப்’ என்ற பெயரைச் சூட்டினர்.

எழுத்தாளர்களும் நாட்டில் நிலைக்கவில்லை. ம்பஹ்லெலே 1957-இல் நைஜீரியா சென்றார். மட்ஷிகிசா, தாம் இசையமைத்த ‘கிங் காங்’ இசை நாடகத்தை ஒட்டி லண்டன் சென்று தங்கினார். தெம்பா சுவாசிலாந்தில் மீண்டும் ஆசிரியர் வேலை பார்த்து அங்கேயே இறந்தார். திரும்பி வர முடியாத அனுமதியில் அமெரிக்கா சென்ற நாட் நகாசா 1965-இல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அவரது உடல் எச்சங்கள் 2014-இல்தான் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. 1966-இல் இவர்களில் பலரின் எழுத்துகளைத் தென்னாப்பிரிக்காவில் மேற்கோள் காட்டுவதும் தடைசெய்யப்பட்டது. ஒரு தலைமுறை மாணவர்கள் இவர்கள் பெயர்களையே கேளாமல் வளர்ந்தனர்.

இதழை பெய்லி 1984-இல் விற்றார். வாங்கியது, நிறவெறி ஆட்சிக்கு நெடுங்காலம் துணைநின்ற ஆப்பிரிக்கான்ஸ் பத்திரிகை நிறுவனம். பழைய படங்களின் காப்பகத்தை மட்டும் அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

இன்று

சோபியாடவுன் என்ற பெயர் 2006-இல் மீட்கப்பட்டது. இடிப்புக்குத் தப்பிய சில கட்டடங்களில் கிறிஸ்து அரசர் ஆலயமும் டோபி தெருவில் மருத்துவர் ஏ. பி. ஷூமாவின் வீடும் அடங்கும். அவ்வீடு இப்போது அருங்காட்சியகம். கோசானி மாடியிலிருந்து படமெடுத்த சிறை வளாகத்தில் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் செயல்படுகிறது. காந்தியும் தம்பி நாயுடுவும் அடைக்கப்பட்டிருந்த அதே ஜோகனஸ்பர்க் கோட்டைச் சிறை அது. பழைய அறைகளைப் பயணிகள் உள்ளே சென்று பார்க்கலாம்.

சொவேட்டோவின் இன்றைய இளைஞர் குழுக்கள் சிலவும் இந்த மரபைத் தொடர்கின்றன. ‘ஐ சீ எ டிஃபரண்ட் யூ’ குழுவினர் தங்கள் தெருக்களையும் பயணங்களையும் படமெடுக்கின்றனர். ஜூலு மொழியில் ‘நினைவுகொள்’ என்று பொருள்படும் ‘கும்புலா’ என்ற குழுவினர், தாத்தா காலத்துக் கோட்டும் தொப்பியும் அணிந்து தெருவில் நின்று படமெடுத்துக்கொண்டனர்.