பணிமேடை மாற்றமும் கடைமடைப் பயனரும்: கினோம் 3 குறித்த கருத்துகளும் தமிழ் உள்ளீடும்

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் பணிமேடைச் சூழல்களுள் ஒன்றான கினோம் 2011ஆம் ஆண்டில் பெருமாற்றம் அடைந்தபோது பயனரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பு பெரும்பாலும் தோற்றம், பழக்கம் ஆகியன பற்றியதாகவே பதிவாகியுள்ளது. தமிழில் தட்டச்சு செய்வோருக்கு முதன்மையான மாற்றம் வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில் நிகழ்ந்தது என்பதையும், அது கருத்துப் பதிவுகளில் அரிதாகவே இடம்பெறுவதன் காரணத்தையும் காவிரிப் படுகைச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பணிமேடைச் சூழல், கினோம், பாஸ் லினக்ஸ், தமிழ்99, உள்ளீட்டு முறை, பயனர் கருத்து

முன்னுரை

அணை திறக்கப்பட்ட நாளும் வயலுக்கு நீர் வந்த நாளும் ஒன்றல்ல என்பதைத் தஞ்சைப் பகுதியினருக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கப்பட்டாலும், கல்லணையில் பிரிந்து வெண்ணாற்றுக் கிளைகளின் வழியே திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பகுதிகளின் கடைமடைக்கு நீர் சென்று சேரப் பல நாள்கள் ஆகும். கட்டற்ற மென்பொருள் உலகமும் ஆற்றுவழிச் சொற்களையே கையாள்கிறது. நிரலை உருவாக்கும் மூலத்திட்டம் மேலோட்டம். அதனைத் தொகுத்து வழங்கும் வழங்கல்கள் கீழோட்டம். கினோம் திட்டத்திலிருந்து டெபியனுக்கும், டெபியனிலிருந்து அதனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் லினக்சுக்கும், அங்கிருந்து பள்ளி மாணவரின் மடிக்கணினிக்கும் மென்பொருள் இறங்கிவருகிறது. பயனர் கருத்துகளை ஆராய்வோர் அவை இவ்வழியின் எந்த மடையிலிருந்து எழுந்தவை என்று கேட்பது அரிது. அக்கேள்வியே இங்கு முதன்மை பெறுகிறது.

மாற்றமும் எதிர்ப்பும்

டெஸ்க்டாப் எனப் பரவலாக வழங்கும் பணிமேடைச் சூழல் என்பது இயங்குதளத்தின் மீது அமைந்து, சாளரங்கள், பட்டிகள், அமைப்புகள் ஆகியவற்றைப் பயனருக்குக் காட்டும் அடுக்காகும். 2002இல் தொடங்கிய கினோம் 2 வரிசை, மேலும் கீழும் இரு பட்டைகளும் பயன்பாட்டுப் பட்டியும் கொண்டு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நிலைத்தது. 2011 ஏப்ரல் 6இல் வெளியான கினோம் 3 அவற்றை நீக்கியது. சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தான் இயல்பமைப்பில் இல்லாமற்போனது. மேசைமீது கோப்புப் படவுருக்களை வைக்கும் வழக்கமும் கைவிடப்பட்டது. முப்பரிமாண வரைகலைத் திறன் இல்லாத கணினிகளுக்கு மட்டும், பழைய தோற்றத்தை ஒத்த மாற்றுமுறை ஒன்று விட்டுவைக்கப்பட்டது.

எதிர்ப்பு சொல்லளவில் நிற்கவில்லை. லினக்ஸ் கருநிரலின் ஆசிரியரான லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை வெளிப்படையாகக் கடிந்து, எக்ஸ்எஃப்சிஇ சூழலுக்கு மாறினார். கினோம் 2இன் நிரலைக் கிளைபிரித்து மாத்தே என்னும் சூழல் அதே ஆண்டில் உருவானது. லினக்ஸ் மின்ட் குழுவினர் சினமன் சூழலைப் படைத்தனர். 2008 ஜனவரியில் கேடிஇ 4.0 வெளியானபோதும் இத்தகைய எதிர்ப்பு எழுந்து, பழைய 3.5 வரிசை டிரினிட்டி என்ற பெயரில் தொடர்ந்தது. நிரலெழுத வல்ல பயனரின் கருத்து ஒரு புதிய மென்பொருளாகவே வடிவெடுக்கும் என்பதற்கு இவை சான்றுகள். பிறருக்கு அவ்வழி இல்லை.

கால இடைவெளி இங்குக் கருதத்தக்கது. டெபியனின் நிலைத்த பதிப்புகளுள் 2011 பிப்ரவரியில் வந்த ஆறாம் பதிப்பு கினோம் 2ஐயே கொண்டிருந்தது, கினோம் 3.4 இடம்பெற்ற ஏழாம் பதிப்பு 2013 மே மாதத்தில்தான் வெளியானது. ஆனால் மூலத்திட்டமோ 2013 மார்ச்சிலேயே, 3.8 பதிப்பில், மேற்கூறிய மாற்றுமுறையை நீக்கிவிட்டது. அதாவது, டெபியனின் நிலைத்த பதிப்பை மட்டும் பயன்படுத்திய ஒருவர் கினோம் 3ஐ முதன்முதல் கண்டு கருத்துக் கூற முற்பட்ட வேளையில், அக்கருத்தால் மாறக்கூடிய முடிவு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. டெபியனுக்கும் கீழே உள்ளவருக்கு இவ்விடைவெளி இன்னும் நீளும்.

தமிழ் விசைப்பலகையின் இடம்

பட்டை எங்கே, பொத்தான் எங்கே என்னும் வாதங்கள் ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு முழுமையாகப் பொருந்தும். தமிழில் எழுதுவோருக்கு வேறொன்றும் உண்டு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். ஒரே மெய் இரட்டிக்கும்போதும், ஙகரத்தை அடுத்துக் ககரம் வருவது போன்ற இன எழுத்துச் சேர்க்கையிலும் புள்ளி தானாக விழும். முன்னர் என்ன எழுத்து அடிக்கப்பட்டது என்பதை அறிந்தே இது நிகழ முடியும். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என நேர்ப்பொருத்தம் செய்யும் எளிய விசைப்பலகை அமைப்பு இதற்குப் போதாது. விசைப்பலகைக்கும் பயன்பாட்டுக்கும் இடையே நின்று எழுத்துகளைத் தொகுக்கும் உள்ளீட்டு முறை தேவை. லினக்சில் முதலில் ஸ்கிம் என்பதும் பின்னர் ஐபஸ் என்பதும் அப்பணியைச் செய்தன.

2012 செப்டம்பரில் வெளியான கினோம் 3.6 ஐபஸைத் தன் அமைப்புக்குள் இணைத்துக்கொண்டது. அதுவரை ஐபஸ் ஒரு தனிக்கருவி. கன்ட்ரோல் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் தமிழ் திறக்கும், மீண்டும் அழுத்தினால் அடையும். ஏறத்தாழ அதே காலத்தில் வந்த ஐபஸ் 1.5 இத்திறப்பு–அடைப்பு முறையைக் கைவிட்டு, எல்லா மொழிகளையும் ஒரே பட்டியலில் வைத்து மாற்றிச் செல்லும் முறையைக் கொண்டுவந்தது. நோக்கம் நன்று, இரு வேறு இடங்களில் சிதறிக்கிடந்த அமைப்புகள் ஓரிடத்தில் சேர்ந்தன. எனினும் கை பழகிய விசை மாறியது. ஆல்ட், ஷிஃப்ட் ஆகிய இரண்டை மட்டும் அழுத்தி மொழி மாற்றிவந்தோர் பெரிதும் இடருற்றனர். 2013 அக்டோபரில் உபுண்டு 13.10இலும் இதே சிக்கல் தோன்றியது. சீன, சப்பானிய, உருசிய மொழிகளில் எழுதுவோர் இதனை உரக்கச் சொன்னார்கள்.

தஞ்சையில் ஆய்வு செய்வோருக்கு இம்மாற்றம் சிறியதன்று. சரசுவதி மகால் நூலகத்தின் தொகுப்பே தமிழ், வடமொழி, மராத்தி, தெலுங்கு எனப் பல மொழிகளில் அமைந்தது. அங்குள்ள சுவடிகளுக்கு விளக்க அட்டவணை எழுதும் ஒருவர் தமிழையும் ஆங்கிலத்தையும் நாகரியையும் ஒரே பத்தியில் மாற்றி மாற்றி அடிக்க நேரும். திறப்பு–அடைப்பு முறையில் ஓர் அழுத்தலில் முடிந்த செயல், பட்டியல் முறையில் சில வேளைகளில் இரண்டு மூன்று அழுத்தல்களாகிறது. திரையின் அழகு பற்றிய நூறு கருத்துகளைவிட இந்த ஓர் அழுத்தல் ஆய்வேட்டின் வேகத்தைக் கூடுதலாகப் பாதிக்கும்.

மொழிபெயர்ப்பின் தேய்வு

பணிமேடை மாறும்போது தமிழ் இடைமுகமும் பின்னடைகிறது. ஒரு பட்டியின் ஆங்கிலத் தொடர் சற்றே திருத்தப்பட்டாலும், கெட்டெக்ஸ்ட் முறையில் அதற்குரிய தமிழ்த்தொடர் ஐயத்துக்குரியதாகக் குறிக்கப்படும். மொழிபெயர்ப்பாளர் சரிபார்க்கும்வரை திரையில் ஆங்கிலமே தோன்றும். எண்பது விழுக்காட்டுக்கு மேல் பெயர்க்கப்பட்ட மொழியையே கினோம் ஆதரவு பெற்ற மொழியாகக் கணக்கிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிப்பு வெளிவரும் திட்டத்தில், ஒரு சில தன்னார்வலரை நம்பிய மொழிக்கு இது ஓயாத ஓட்டம். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமான திரையைக் கண்ட பயனர் முழு ஆங்கிலத்துக்கே மாறிவிடுவது இயல்பு. அம்மாறுதல் எவர் கணக்கிலும் எதிர்ப்பாகப் பதிவதில்லை.

கருத்து மேலேறும் வழி

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ், இந்திய மொழிகளுக்கு முதன்மை தந்த வழங்கல். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிவடைய இருந்த நிலையில், அரசுத் துறைகளும் பாஸுக்கு மாறுமாறு அறிவுறுத்தப்பட்டன. இவ்வாறு லினக்சைப் பெற்றவர் அதனைத் தேர்ந்தவர் அல்லர்; அது அவர் கைக்கு வந்து சேர்ந்தது. பிடிக்காதபோது அவர் வழு அறிக்கை எழுதமாட்டார். அதற்கான தளம் ஆங்கிலத்தில் உள்ளது, பதிப்பு எண்ணும் பிழைக்குறிப்பும் கேட்கிறது. கணினியைத் தொடங்கும்போது மற்ற இயங்குதளத்தைத் தேர்ந்துகொள்வார், அவ்வளவே.

எனவே, எழுதப்பட்ட கருத்துகளை மட்டும் திரட்டிப் பகுப்பாய்வு செய்யும் முறை, தலைமடையில் நிற்போரின் குரலையே மீண்டும் மீண்டும் எண்ணும். கடைமடைப் பயனரை அறிய வேறு வினாக்கள் வேண்டும்: புதுப்பித்த பின் தமிழ்த் தட்டச்சு எத்தனை நாளில் பழைய வேகத்தை எட்டியது, எந்த விசைப்பலகை கைவிடப்பட்டது, இடைமுக மொழி மாற்றப்பட்டதா என்பன போன்றவை. இவற்றைத் தமிழிலேயே, எழுதும் கையின் அருகிலிருந்து கேட்க வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனத்தின் ஆய்வு மாணவரிடையே இத்தகைய கள ஆய்வு செய்வது கடினமன்று, பெருஞ்செலவும் ஆகாது.

அதற்கான வேளையும் வந்துள்ளது. நாற்பதாண்டுக்கும் மேலாக நிலவிய எக்ஸ் சாளர முறைக்கு மாற்றாக வேலேண்ட் வந்துகொண்டிருக்கிறது. டெபியனில் 2019ஆம் ஆண்டின் பத்தாம் பதிப்பு முதல் கினோம் இயல்பாகவே வேலேண்டில் இயங்குகிறது. 2025 செப்டம்பரில் வெளியான கினோம் 49, எக்ஸ் அமர்வை இயல்பமைப்பில் முடக்கியது. எக்ஸ்மாட்மேப் போன்ற பழைய விசைமாற்றக் கருவிகள் புதிய முறையில் பயன்படா. அவற்றைக் கொண்டு தமக்கென விசைப்பலகை அமைத்துக்கொண்டோர் எவரேனும் காவிரிப் படுகையில் இருப்பின், இம்மாற்றம் அவர்களை இனிமேல்தான் சென்றடையும்.