மலைக் கணினிக்கு ஒரு காவல் கடிகாரம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவரும் விவசாயிகள் அப்பாதையின் சிரமத்தை நன்கு அறிவர். பருவமழை வலுக்கும் நாட்களில், ஒரு சிறு வேலைக்காக மேலே சென்று திரும்புவதற்கே ஒரு பகற்பொழுது கழிந்துவிடுகிறது.

மழையை அளக்கவும், மண்ணின் ஈரத்தை அறியவும், நீரேற்றும் மோட்டாரை இயக்கவும் சிறு கணினிகள் இன்று விவசாயத்தில் உபயோகமாகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரந்தோறும் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியதை நாம் அறிவோம். ஊருக்குள் இருக்கும் அலுவலகத்தில் கணினி அசைவற்று நின்றால், அருகில் இருப்பவர் பொத்தானை அழுத்தி அதை மீண்டும் இயக்கிவிடலாம். மலைச்சரிவில் கம்பத்தின்மீது பெட்டிக்குள் இருக்கும் கணினிக்கு அவ்வாறு உதவ யார் இருக்கிறார்கள்?

இவ்வினா அற்பமானதன்று. பல மழைமானிகளில் உள்ள சிறு கிண்ணம், 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை சாய்கிறது. அச்சாய்வைக் கணினி எண்ணாவிட்டால் அம்மழை கணக்கில் சேராது. பெய்து போன மழையை மறுபடியும் அளக்க முடியாது. தொடர்மழைக் காலத்தில் ஏலக்காயைத் தாக்கும் அழுகல் நோய்க்கு மருந்து தெளிக்கும் நாளைத் தீர்மானிக்க இக்கணக்கு உதவுகிறது. வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டில், நஷ்டஈடே நிலையப் பதிவுகளைப் பொறுத்து அமைகிறது.

காவல் கடிகாரம் யாது?

கணினி பழுதாவது வேறு, உறைந்து நிற்பது வேறு. உறைந்த கணினியில் மின்சாரம் இருக்கும், விளக்கும் எரியும். வேலை மட்டும் நடவாது. நிரலில் உள்ள பிழையோ, நினைவகப் பற்றாக்குறையோ, மின்னழுத்தத் தடுமாற்றமோ இதற்குக் காரணமாகலாம். பெரும்பாலும் ஒருமுறை நிறுத்தி இயக்கினால் அது சரியாகிவிடும். அந்த வேலையை மனிதர் உதவியின்றிச் செய்வதே ‘வாட்ச்டாக் டைமர்’ எனப்படும் காவல் கடிகாரம்.

காட்டுப்பன்றிக்குக் காவலாகப் பரணில் இருப்பவர், இரவில் அவ்வப்போது தகரத்தைத் தட்டுவார். ஓசை கேட்கும்வரை கீழே உள்ளவர்கள் நிம்மதியாக இருப்பர். ஓசை நின்றால் எழுந்து சென்று பார்ப்பர். காவல் கடிகாரத்தின் முறையும் இதுவே. அது குறிப்பிட்ட எண்ணிலிருந்து கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வருகிறது. எண்ணிக்கை பூஜ்யத்தை அடையுமுன் நிரல் அதற்கு ஒரு சமிக்ஞை அனுப்ப வேண்டும். உடனே எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். சமிக்ஞை வராவிடில், கடிகாரம் கணினியை மறுதொடக்கம் செய்துவிடும்.

இக்கடிகாரம் நிரலாக இல்லாமல் வன்பொருளாக இருப்பதே சிறப்பு. உறைந்துபோன கணினி தன்னைத்தானே எழுப்பிக்கொள்ள இயலாதன்றோ? ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள அட்மெகா 328 சில்லில், காவல் கடிகாரத்துக்கென 128 கிலோஹெர்ட்ஸ் அலையியற்றி தனியே உண்டு. அது அதிகபட்சம் 8 வினாடி பொறுத்திருக்கும். ராஸ்பெரி பை கணினியின் கடிகாரம் ஒரு தடவையில் ஏறக்குறைய 15 வினாடி எண்ணும்.

அமைக்கும் முறை

லினக்ஸ் கணினிகள் பலவற்றில் ‘சிஸ்டம்டி’ என்னும் நிர்வாக நிரல் உள்ளது. அதன் அமைப்புக் கோப்பில் காவல் நேரத்தை 10 வினாடி என்று குறித்தால், அந்நேரத்தின் பாதிக்கு ஒருமுறை அது கடிகாரத்துக்குச் சமிக்ஞை அனுப்பிவரும்.

ஆனால் இவ்வளவில் நின்றுவிடலாகாது. நிர்வாக நிரல் நலமாக இருக்க, மழையைக் குறிக்கும் நிரல் மட்டும் உறைந்து போகலாம். அப்போதும் சமிக்ஞை தவறாமல் செல்லும், கணக்கோ நின்றுபோயிருக்கும். ஆகவே, மழைக்கணக்கு நிரலும் தன் நிலையை நிர்வாக நிரலுக்குத் தெரிவிக்குமாறு செய்தல் அவசியம். அளவைப் படித்து, அதைக் கோப்பில் எழுதி முடித்த பின்னரே அது சமிக்ஞை தர வேண்டும். சமிக்ஞை வராவிடில் அந்நிரலை மட்டும் மீண்டும் தொடங்கவும், பலமுறை தவறினால் கணினி முழுவதையும் மறுதொடக்கம் செய்யவும் சிஸ்டம்டியில் வசதி உண்டு. காவல் நேரம், வேலை ஒரு சுற்று முடியும் காலத்தைவிடப் போதிய அளவு கூடுதலாக இருத்தல் வேண்டும்; மிகக் குறுகினால் ஒழுங்காக ஓடும் கணினியும் காரணமின்றி நின்று எழும்.

மறுதொடக்கம் முதலுதவியே, சிகிச்சை அன்று. 1997 ஜூலை 4ஆம் நாள் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலம், சில நாட்களில் மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆயிற்று. அவசரமற்ற வேலையொன்று முக்கியமான வேலையைத் தடுத்து நிறுத்தியதை அதன் காவல் கடிகாரம் கண்டுகொண்டது. பூமியிலிருந்த பொறியியலாளர்கள் அதே நிலையைத் தங்கள் மாதிரிக் கணினியில் உண்டாக்கி, காரணத்தை ஆராய்ந்து, திருத்தத்தை அனுப்பினர். நாமும் ஒவ்வொரு மறுதொடக்கத்தையும் தேதியோடு பதிந்து வருதல் வேண்டும். பல சில்லுகள், கடைசியாக நேர்ந்த மறுதொடக்கத்தின் காரணத்தைத் தாமே குறித்து வைக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

மின்சாரம் நின்றால் காவல் கடிகாரத்தால் பயனில்லை. பஞ்சாயத்து அலுவலக மேசைக் கணினிகளில், மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி ‘பயாஸ்’ அமைப்பில் மாற்றிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் உண்டு. செய்தி அனுப்பும் மோடம் தனி மின்னிணைப்பில் இருந்தால், கணினியை மறுதொடக்கம் செய்தாலும் அது உறைந்த நிலையிலேயே இருக்கக்கூடும். அதற்கு மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் ரிலே ஒன்று தேவை. பாட்டரி நலிந்திருந்தால் கணினி ஓயாமல் நின்று நின்று எழும். அப்போது குறையைப் பாட்டரியில் தேட வேண்டும்.

இத்தகைய கருவிகளைப் பெறும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும், மலைக்கு எடுத்துச் செல்லுமுன் கீழேயே ஒரு சோதனை நடத்துவது நலம். கணக்கெடுக்கும் நிரலை வேண்டுமென்றே உறையச் செய்யச் சொல்லலாம். யாரும் தொடாமல் கருவி மீண்டும் இயங்குகிறதா, முன்னர்ப் பதிந்த மழையளவு அழியாமல் இருக்கிறதா, மறுதொடக்கம் நேர்ந்த நேரம் குறிக்கப்பட்டுள்ளதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றிலும் தேறிய கருவியையே மலையேற்றுதல் வேண்டும்.