கிர்மித்தும் துண்டும்

அயல்நாட்டுத் தோட்டங்கட்குத் தமிழர் ஆள்சேர்க்கப்பட்ட வரலாற்றைத் தொட்டெழுதும் ஆய்வுரைகளில் 'ஒப்பந்தக் கூலி' என்னும் தொடர் வரையறையின்றி வழங்குகின்றது. பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே', புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' ஆகிய இரண்டிற்கும் அத்தொடரையே விளக்கமாகக் கூறிச் செல்வாரும் உளர். முன்னதன் களம் பிசித்தீவு. பின்னதன் களம் இலங்கைத் தேயிலைத் தோட்டம். ஈரிடத்தும் ஆள்சேர்த்த முறை ஒன்றன்று.

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்க 1833-இல் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டே மொரீசியசுக்கு ஒப்பந்த ஆட்கள் ஏற்றப்பட்டனர். 1860-இல் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையினின்று நேட்டாலுக்குச் சென்றது. பிசிக்கு 1903 முதல் சென்னைக் கப்பல்கள் சென்றன. அரசு அலுவலர் முன்னிலையில் ஐந்தாண்டுக்குக் கைந்நாட்டு. இடையே வேலைக்கு வாராமை சிறைக்குரிய குற்றம். 'அக்ரிமெண்டு' என்னும் ஆங்கிலச் சொல்லே பிசி இந்தியர் நாவில் 'கிர்மித்' எனத் திரிந்தது.

இலங்கையிலோ ஆள்சேர்த்தவன் கங்காணி. 'கண்காணி' என்பது சோழர் காலக் கோயிற் கல்வெட்டுக்களில் மேற்பார்ப்போனைக் குறிக்கும் பழஞ்சொல். தோட்டத்திலும் அப்பொருள் நின்றது. ஆயின் அவனே கடன் கொடுத்தோனும் ஆயினான். துரையிடம் முன்பணம் பெற்றுத் தன் ஊருக்கே சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தான். ஊர்க்கடன் தீர்த்தது, வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் வந்தவர் பற்றில் ஏறின. நாள்தோறும் வேலைக்கு இறங்கிய ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனத் தலைக்காசும் அவனுக்குண்டு. சட்டம் தொழிலாளரை மாத ஆளாகவே கருதியது. ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகலாம். எனவே இது தளையற்ற உழைப்பு என்று தோட்டக்காரர் கூறினர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று. கடன் தீராமல் விலகுதல் ஏட்டளவில் நின்ற உரிமையே.

இதனைத் தெளிவிப்பது 'துண்டு' என்னும் சொல். இன்ன தொகை செலுத்தினால் இக்கூட்டத்தாரை விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சிறு தாளே துண்டு. கங்காணி அதனைக் கையிற்கொண்டு வேறு தோட்டம் தேடுவான். புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவான். அத்தொகை அவர்கள் பற்றிலேயே மீண்டும் நிற்கும். கிர்மித்துக்கு ஆண்டெல்லை உண்டு. துண்டுக்கு அஃது இல்லை. உழைப்பின் ஊதியத்தைக் குறித்த 'கூலி' ஆளுக்கே பெயரானதும் (திருக்குறளில் அஃது ஊதியமே) ஈண்டு எண்ணத்தக்கது.

ஆகலின் இலங்கைக் கதைகளைக் கற்போர் தேடவேண்டுவது கைந்நாட்டை அன்று, பற்றுக் கணக்கை. இலங்கையில் 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. கங்காணி அதன்பின்னும் இருந்தான்.